மூக்கு நின்றுபோன பதினொரு நாள்

பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு என் மூக்கு நின்றுபோனது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் உண்டு. தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தேயிலையாக்கும் ஆலையில், உருட்டிய கொழுந்தை எத்தனை மணிக்குத் தரையில் பரப்பினோம், எத்தனை மணிக்கு அது அடுப்புக்குப் போக வேண்டும் என்பதைச் சுவரில் தொங்கிய கற்பலகையில் எழுதுவது என் வேலை. அன்று இரண்டாவதாகப் பரப்பிய தூளுக்கு நேராக 'இரண்டு இருபது' என்று எழுதிவிட்டுக் குனிந்து, ஒரு பிடி அள்ளிக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றுமே தெரியவில்லை. ஈரமான கொழுந்தின் குளிர்ச்சி மட்டும் உதட்டில் பட்டது. இன்னொரு பிடி எடுத்தேன். அதுவும் அப்படித்தான்.

போன மாதம், ஸ்டோர்ப் பொறுப்பில் இருக்கும் இரண்டு இளம் டீமேக்கர்கள் பதுளையில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர், மற்றவர் ஹல்துமுல்லைக்காரர். "சீசன் மூணு மாசமும் நாங்க செத்துப் பொழைக்கிறோங்க. இருபது வருசம் நீங்க எப்பிடி ஒடம்பத் தாங்கினீங்க? மனசு சலிக்காம எப்பிடி வேல பாத்தீங்க? எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வழி எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். உடம்பைப் பேணுவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுத எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் கடைப்பிடித்தவன்தான். ஆனால் அப்படி எழுதினால் அவர்களை ஏமாற்றியவனாவேன். நான் சொல்லக்கூடிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது என் மகளைப் பற்றியது.

பண்டாரவளைப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் ஓரளவு படித்தபின் ஒரு தோட்டத்து ஸ்டோரில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு வருடம், உருட்டும் இயந்திரத்தில் இரண்டு வருடம், அடுப்பில் மூன்று வருடம். முப்பது வயதில் அப்புத்தளைக்குக் கீழே ஒரு பெரிய தோட்டத்தில் டீமேக்கர் ஆனேன். ஸ்டோரை ஒட்டி ஒரு வீடு, நாற்பது ஆட்கள், ஒரு உதவி டீமேக்கர். உத்தியோகம் உள்ளவரைக்கும்தான் அந்த வீடு.

எங்கள் ஊவாப் பகுதியில் ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும். மழை நின்று, காற்று காய்ந்து, கொழுந்து சிறுத்துவிடும். அந்த இரண்டு மூன்று மாதத்துத் தேயிலைக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு மணம் உண்டு. அதைத்தான் நாங்கள் சீசன் என்போம். அந்த மணம் கொழுந்தில் இருந்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். உருட்டிச் சலித்த கொழுந்தை நாங்கள் தூள் என்போம். அதை ஈரமான சிமெந்துத் தரையில் இரண்டு விரற்கடைக் கனத்துக்குப் பரப்பி வைப்போம். முதலில் பச்சை வாடை அடிக்கும், வெள்ளரிக்காயைப் பிளந்த மாதிரி. பிறகு வாடை மெல்ல மாறும். நிறம் செப்புக்காசுபோலச் சிவக்கும். பழக்கூடைக்குப் பக்கத்தில் நிற்பதுபோன்ற ஒரு இனிய வாசம் எழும்பும். அது உச்சத்துக்குப் போகச் சற்று முன்பே அள்ளி அடுப்பில் போட வேண்டும். ஐந்து நிமிடம் முந்தினால் தேநீர் நாக்கை அறுக்கும், ஐந்து நிமிடம் பிந்தினால் சப்பென்று போய்விடும். கடிகாரம் உதவும், ஆனால் காற்று மாறினால், வெயில் ஏறினால் கடிகாரம் பொய் சொல்லும். கடைசியில் மூக்குதான்.

ஆகவே சீசனில் என் மூக்குக்குப் பத்தியம். வெற்றிலை இல்லை, புகையிலை இல்லை. பச்சை வெங்காயம், பூண்டு, கருவாடு எதுவும் வீட்டில் சமைக்கக்கூடாது. என் மனைவி செல்லம் பூ வைக்கமாட்டாள், தலைக்கு வாசனை எண்ணெய் தடவமாட்டாள். சாமிக்கு முன்னால் சூடம் கொளுத்தாமல் நெய்விளக்கு மட்டும் ஏற்றுவாள். கணக்கப்பிள்ளை வீட்டம்மா அவளைக் கேலி செய்வார்: "என்ன செல்லம், ஒங்க வீட்டுல மூக்குக்குத்தான் மொத மரியாதை. புருசனுக்கு அப்புறந்தான் போல!" அதற்குச் செல்லம், "அந்த மூக்கு இருக்கப்போயித்தான் அக்கா வீடு இருக்கு" என்பாள்.

தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரரான பெரிய துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமான மனிதர், அதிகம் பேசமாட்டார். விடியும் முன் பச்சைத்தண்ணீரில் குளித்து, பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பிவிட்டு, மலை முழுதும் நடந்தே சுற்றுவார். மதியம் சரியாக நாற்பது நிமிடம் தூங்குவார், அந்த நேரத்தில் தோட்டமே தீப்பற்றினாலும் எழுப்பக்கூடாது. சனிக்கிழமைதோறும் ஸ்டோருக்கு வந்து, தேயிலைப் பெட்டி நிறுக்கும் தராசில் ஏறி நின்று தன் எடையைப் பார்ப்பார். பிறகு என்னையும் ஏறச் சொல்வார். இரண்டு எடையையும் கதவின் உட்புறம் சோக்கால் எழுதிவைப்பார். எங்கள் இருவரின் உடம்பும் தோட்டத்தின் இயந்திரங்கள் என்பது அவர் எண்ணம். அவர் பேசுவது துரைமார் தமிழ்: "டீமேக்கர், சாப்பிடு. நில்லாதே, உக்காரு. ஒன் ஒடம்பு எனக்கு வேணும்."

தினமும் பத்து மணிக்கு ருசி பார்ப்பது அவரே. முந்தின நாள் தேயிலையெல்லாம் வரிசையாகக் கோப்பையில் ஊற்றி வைத்திருப்பேன். கரண்டியில் எடுத்துச் 'சுர்' என்று உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். முடிவில் ஒரு சொல்: "நல்லது." அல்லது "பச்சை." அல்லது "கருகல்." கொழும்பில் ருசி பார்ப்பவர்கள் எங்கள் தேயிலையைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தால் அதை எனக்குப் படித்துக் காட்டுவார். நான் சலிப்பில்லாமல் உழைத்தது அந்த ஒரு வரிக்காகத்தான். அதைக் கேட்ட நாளில் எனக்குத் தூக்கமும் வேண்டாம், சோறும் வேண்டாம்.

பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு சீசனில், ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் பரவியது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் வீட்டுக்கு இரண்டு பேர் படுத்தார்கள். என் உதவி டீமேக்கரும் படுத்து, ஊருக்குப் போய்விட்டார். இரண்டு பேர் வேலையை மூன்று கிழமை, இருபது நாளுக்கும் மேல், நான் ஒருவனே பார்த்தேன். ஒரு நாளைக்கு நான்கு மணிநேரம் தூங்கினால் அதிகம், அதுவும் ஸ்டோர் மாடியில் சாக்கின்மேல். தராசில் பதினொரு றாத்தல் குறைந்திருந்தேன். துரை சோக்கால் எழுதிவிட்டு, "சாப்பிடு" என்றார். எனக்கும் காய்ச்சல் வந்தது. கொயினா விழுங்கிவிட்டு நின்றேன். காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. நான்காம் நாள் பிற்பகல்தான் அந்த இரண்டு இருபது.

மறுநாள் திரும்பிவிடும் என்று நினைத்தேன். செல்லத்திடம் தடிமன் என்று சொல்லி நொச்சியிலை ஆவி பிடித்தேன். மறுநாளும் இல்லை. துரையிடம் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. மூக்கில்லாத டீமேக்கரைச் சீசனில் யார் வைத்துக்கொள்வார்? வேறு தோட்டத்திலிருந்து ஒருவனை வரவழைத்தால், வந்தவன் நம் வீட்டில்தானே குடியேறுவான்? இப்படியெல்லாம் பயந்தேன். அதைவிட, இத்தனை வருடம் எடுத்த பெயர் ஒரு வார்த்தையில் போய்விடுமே என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது. இன்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். ஸ்டோரில் மாயாண்டி என்று ஒரு தலையாள், என் வயதுக்காரன். அவனைத் தூள் பரப்பிய பாத்திக்குக் கூப்பிட்டு, "மாயாண்டி, மோந்து பாத்துச் சொல்லு. இப்ப என்ன நெலம?" என்பேன்.

"என்னங்கய்யா, எனக்குப் பரீட்சை வெக்கிறீங்களா?"

"ஆமா. எனக்குப் பொறவு நீதானே?"

"ஆங், தொரை எனக்கு வேட்டிய உருவிட்டுக் காச்சட்டை மாட்டி டீமேக்கரு ஆக்கப்போறாரு!" என்று சிரித்துக்கொண்டே மோந்து பார்ப்பான். "பச்ச இன்னும் போகலிங்க." பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்பேன். "இப்ப வருதுங்க, வருது... எடுத்துரலாம்." நானும் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, "சரியாச் சொன்னே" என்பேன். காலையில் துரை உறிஞ்சுவார். "நல்லது" என்பார். இப்படியே ஒன்பது நாள் போனது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்தாம் நாள் என் மகள் மரகதத்துக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது அவளுக்கு ஏழு வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. ஐந்து மைல் தள்ளி இருந்த மருந்துச் சாலையிலிருந்து கலவை மருந்து வாங்கி வரச் செய்தோம். அங்கே மருந்து கலப்பவரைத் தோட்டத்தார் டாக்டரையா என்பார்கள். அந்தக் கிழமை அவர் எல்லா வீட்டுக்கும் தரை கழுவக் கார்பாலிக் தண்ணீரும் அனுப்பியிருந்தார். போத்தல் தட்டுப்பாடு. இரண்டும் ஒரே மாதிரிப் போத்தலில், ஒரே மாதிரித் தக்கையோடு வந்தன. குடிக்கிற மருந்துக்கு அடையாளம், போத்தலின் பக்கத்தில் வேளைக்கு இவ்வளவு என்று வெட்டி ஒட்டிய காகிதம். குசினிப் புகையிலும் ஈரத்திலும் அந்தக் காகிதம் உரிந்து விழுந்திருந்தது. ஆனாலும் அது ஒரு ஆபத்தே அல்ல. கார்பாலிக் போத்தலின் தக்கையை எடுத்தால் குருடனுக்கும் தெரியும்.

பதினோராம் நாள் பகல் பன்னிரண்டே முக்காலுக்குச் சோற்றுக்காக வீட்டுக்கு வந்தேன். செல்லம் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "ஏங்க, புள்ளைக்கி மருந்து வேள வந்திருச்சு. மேல் தட்டுல இருக்கு, ஒரு கரண்டி ஊத்திருங்க. நான் கைய அலம்பிட்டு வந்து சோறு போடுறேன்" என்றாள். மேல் தட்டில் இரண்டு போத்தல் இருந்தன. ஒன்றை எடுத்துத் தக்கையைக் கழற்றிக் கரண்டியில் ஊற்றினேன். தூங்கி இரண்டு நாளாகியிருந்தது. ஒரு காது ஸ்டோர் மணிமேலேயே இருந்தது.

மரகதம் முகத்தைத் திருப்பினாள். "அப்பா, இது நாறுது."

"மருந்துன்னா நாறத்தான் செய்யும். வாயத் தொற."

"வேணாப்பா. கக்கூசு கழுவுற மாரி நாறுது."

"தொறன்னா தொற. எனக்கு நேரமாச்சு."

அவள் திறந்தாள். நான் சொன்னால் கேட்கிற பிள்ளை அவள்.

பாதியைத் துப்பிவிட்டாள். பாதி உள்ளே போனது. கத்தினாள், இரண்டாவது கத்தலுக்குச் சத்தம் வரவில்லை. செல்லம் ஓடிவந்தவள் வாசற்படியிலேயே, "என்னங்க இந்த நாத்தம்?" என்றாள். பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள், அது வெளுத்துக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு... தெரியலியா?"

"தெரியல செல்லம்."

பாலும் முட்டை வெள்ளையும் அவள்தான் எடுத்துவந்து புகட்டினாள். நான் வெளியே ஓடி, ஒரு ஆளை மருந்துச் சாலைக்கு விரட்டினேன். திரும்பி வந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூச்சு சீழ்க்கையடிப்பதுபோல வந்தது. ஒவ்வொரு மூச்சும் முடியும்போது அடுத்தது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவதை என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. அரைமணி கழித்து மாயாண்டி மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான். நடந்தது அவனுக்குத் தெரியாது. "ஐயா, முதல் தூளு நேரந் தாண்டுதுங்க. ரெண்டு பாத்தி நெறையக் கெடக்கு. வந்து ஒரு வார்த்த சொல்லிருங்க." நான் எழுந்து போனேன். யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் கால்கள் தாமாகப் போயின என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையல்ல, போகலாமா என்று யோசித்துவிட்டுத்தான் போனேன். பாத்திக்கு முன் குனிந்து, ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்தேன். "அடுப்புல போடு" என்றேன். கற்பலகையில் நேரத்தையும் எழுதினேன். போய்வர பதினொரு நிமிடம்.

திரும்பி வந்தபோது செல்லம் தலையை நிமிர்த்தவில்லை. "மோந்து பாத்துட்டு வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நாலே காலுக்கு டாக்டரையா மட்டக்குதிரையில் வந்து சேர்ந்தார். கனத்த சரீரம், குதிரையைவிட அவருக்குத்தான் அதிகம் இரைத்தது. போத்தலை ஒருமுறை பார்த்தார், மூக்கருகே கொண்டுபோகவே இல்லை. "என்னங்க டீமேக்கர், இதத் தொறந்தா தொரை பங்களா வரைக்கும் வீசுமே. ஊவா பூரா ஒங்க மூக்குக்குத்தான் பேரு. மோந்து பாக்காமலா குடுத்தீங்க?"

அவர் விடையை என் முகத்தில் படித்திருக்க வேண்டும், அதற்குமேல் கேட்கவில்லை. பேதியுப்பைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். தொண்டைக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தார். ஒரு மணிநேரம் நாடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் செல்லத்தைப் பார்த்து, "துப்பினதால தப்பிச்சிச்சும்மா. உசுருக்கு மோசமில்ல. கொரல் எப்பிடி வரும்னு இப்பச் சொல்ல முடியாது" என்றார். செல்லம் அப்போதுதான் அழுதாள்.

மரகதத்துக்கு இன்று பதினேழு வயது. உயிரோடு, சுகமாக இருக்கிறாள். குரல் மட்டும் கரகரத்தே நின்றுவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் பேசியதும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் பெண் பார்க்க வருகிறவர்கள் அவளைப் பேசச் சொல்லும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். என் மூக்கு நான்கு மாதத்துக்குப் பிறகு பாதியளவு திரும்பி வந்தது. அன்றைக்குப்பின் நான் டீமேக்கர் வேலை பார்க்கவில்லை. உத்தியோகத்தை விடும்வரை கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதினேன். எந்தப் போத்தலைத் திறந்தாலும் இன்றைக்கும் செல்லத்திடமோ மகளிடமோ ஒருமுறை நீட்டிவிட்டுத்தான் வைப்பேன்.

கேட்ட தம்பிகளுக்கு: தூக்கம், சாப்பாடு, பத்தியம், நடை இவை எல்லாம் வேண்டியவைதான், நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் உடம்பில் ஒன்று நின்றுபோனால், அன்றைக்கே, அந்த மணிக்கே, வாய்விட்டுச் சொல்லுங்கள். மேலதிகாரியிடம் சொல்ல முடியாவிட்டால் வீட்டிலாவது சொல்லுங்கள். நான் செல்லத்திடம் மட்டும் சொல்லியிருந்தால் அந்தக் கரண்டியை என் கையில் அவள் கொடுத்திருக்கமாட்டாள்.

அந்தப் பதினோராம் நாள் மாலை ஆறு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, பெரிய துரை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒன்பது வருடத்தில் அவர் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலை நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். செல்லம் எழுந்து சுவரோரம் நின்றாள். நான் மாயாண்டியை வைத்து மோந்து பார்த்தது முதல் அந்தக் கரண்டி வரைக்கும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டிருந்தது.

"பதினொரு நாளா மறைச்சிட்டேன், தொரை. மன்னிக்கணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல், பிள்ளையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ மறைக்கல டீமேக்கர். அதுல நாலாம் நாளே ஸ்டோருக்குள்ள நான் சுருட்டுப் பத்த வெச்சு ஒன் முதுகுக்குப் பின்னால நின்னேன். நீ திரும்பல. எனக்குத் தெரியும். வேற ஆள் இல்ல. சீசன் முடியட்டும், அப்புறம் பேசலாம்னு இருந்தேன்."